மீதியை வெள்ளித்திரையில் காண்க: மாணவர் முன்னோட்டமும் வகைமை மரபும்

மாணவர்கள் தயாரிக்கும் முன்னோட்டம் பெரும்பாலும் இல்லாத ஒரு படத்துக்கானது. வணிகப் படத்தின் முன்னோட்டத்தைத் தொகுப்பவர், எடுத்து முடித்த காட்சிக் குவியலிலிருந்து இரண்டு நிமிடத்தைப் பொறுக்கியெடுக்கிறார். மாணவரிடம் அந்தக் குவியல் கிடையாது. முன்னோட்டத்துக்கு வேண்டிய துண்டுகளை மட்டுமே அவர் எடுக்கிறார். கதவைத் திறக்கும் கை அவரிடம் உண்டு; கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவரே இன்னும் முடிவுசெய்திருக்க மாட்டார். ஆகவே அந்த இரண்டு நிமிடம் எதனுடைய சுருக்கமும் அல்ல. அதுவே முழுப் படைப்பு. அதில் வரும் ஒவ்வொன்றும், வேறு படங்களைப் பார்த்துப் பழகிய பார்வையாளரின் நினைவை நம்பியே நிற்கிறது. வகைமை மரபு எப்படி வேலைசெய்கிறது என்பதைப் பெரிய படங்களை விட மாணவர் முன்னோட்டத்தில் தெளிவாகப் பார்க்க முடிவது இதனால்தான். முட்டுக்கொடுக்கக் கதை இல்லாத இடத்தில் மரபு தனியே தெரிகிறது.

இந்த வேலை பாடசாலைக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அங்குள்ள ஓ.சி.ஆர். பரீட்சைச் சபை உயர்தர ஊடகக் கற்கை மாணவர்களுக்கு வைத்த செயற்றிட்டங்களுள் ஒன்று, புதிய படமொன்றுக்கு டீசரும் சஞ்சிகை அட்டையும் சுவரொட்டியும் தயாரிப்பது. முடித்தபின் அவர்கள் எழுத வேண்டிய மதிப்பீட்டில் ஒரு கேள்வி: நடைமுறையிலுள்ள ஊடகப் படைப்புகளின் வடிவங்களையும் மரபுகளையும் உங்கள் படைப்பு எவ்வாறு பயன்படுத்துகிறது, வளர்க்கிறது, அல்லது எதிர்க்கிறது? இலங்கையில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் க.பொ.த. உயர்தரத்துக்குரிய பாடம். குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியில், நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இயங்குகிறது. எனவே அந்தக் கேள்வி இந்தக் கிழக்கிலங்கைக் கரைக்கு அந்நியமானதல்ல. கேள்வி நல்லதுதான். அதற்கு எழுதப்படும் விடைகள்தாம் சலிப்பூட்டுபவை: இருட்டைப் பயன்படுத்தினோம், அது மரபு, கதாநாயகி தப்பிவிடுகிறாள், அது எதிர்ப்பு என்று சாமான் பட்டியல் போல் ஓடும். மரபு என்பது சாமான் அல்ல. அது பார்ப்பவரோடு செய்துகொள்ளும் ஓர் உடன்பாடு. எந்தச் சாமானை மாற்றினால் அந்த உடன்பாடு முறிகிறது, எதை மாற்றினால் முறியாமல் இறுகுகிறது என்பதே ஆராய வேண்டிய விடயம்.

முன்னோட்டத்தை ஆங்கிலத்தில் ட்ரெயிலர் என்பது, அது ஒருகாலத்தில் படத்தின் பின்னால் இழுபட்டு வந்ததால். 1913 இல் நியூயோர்க்கில் மார்க்கஸ் லோவின் திரையரங்குகளுக்கு விளம்பரப் பொறுப்பாளராக இருந்த நீல்ஸ் கிரான்லண்ட், ‘த பிளெஷர் சீக்கர்ஸ்’ என்ற மேடை இசைநாடகத்துக்காகச் சிறு படத்துண்டு ஒன்றைக் காட்டியதை வரலாற்றாசிரியர்கள் முதல் முன்னோட்டமாகக் கொள்கிறார்கள். படம் முடிந்ததும் சனம் எழுந்து போய்விடும் என்று தெரிந்தபின் அது முன்னுக்கு வந்தது. பெயர் மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது. தமிழில் வழங்கும் முன்னோட்டம் என்ற சொல்தான் இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்கிறது.

தமிழரிடம் இதற்கு முந்திய பழக்கங்களும் உண்டு. கூத்தில் கட்டியகாரன் வந்து, வரப்போகும் அரசன் யார், எப்பேர்ப்பட்டவன் என்று சபைக்குச் சொல்லுவான். கிழக்கிலங்கைக் கூத்து வடமோடி, தென்மோடி என்று பிரிந்து கிடப்பதால், உடுப்பையும் முடியையும் ஆட்டத்தையும் பார்த்த உடனேயே இது எந்த மோடி, போர் மிகுந்து வருமா காதல் மிகுந்து வருமா என்று களரியைச் சுற்றி இருப்பவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். சினிமா வந்தபின் அந்த வேலையைப் பாட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டது. சில சதத்துக்கு விற்ற அந்த மெல்லிய தாள்களில் கதைச்சுருக்கம் முடிச்சு விழும் இடம்வரை வந்து, சட்டென்று நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று சொல்லிவிடும். இன்றைய முன்னோட்டத்தின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு வாசகத்தில் அடங்கும். எவ்வளவு சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது: இரண்டே முடிவுகள்.

வகைமை என்ற கருத்தை விளக்க மேற்கு அறிஞர்களிடம் போவது வழக்கம். ரிக் ஆல்ற்மன் 1984 இல் எழுதிய கட்டுரையில், ஒரு வகைமையை அதன் கூறுகளாலும் (இடம், உடை, பொருள், பாத்திரம்) அக்கூறுகளைக் கோக்கும் அமைப்பாலும் இரண்டு வழியில் அறியலாம் என்றார். ஸ்டீவ் நீல் 1980 இலேயே, வகைமை ஒரேதைத் திருப்பிச் செய்வதாலும் வேறுபடுத்துவதாலும் சேர்ந்தே வாழ்கிறது என்று காட்டினார். இரண்டும் பயனுள்ளவை. தமிழ் மாணவருக்கு இதைவிடக் கைக்கெட்டிய கருவி ஒன்று தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் கிடக்கிறது. முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தின் மரம், பறவை, தொழில், உணவு, பறை எல்லாம் கரு. அங்கே நிகழும் மன ஒழுக்கம் உரி. திகில் முன்னோட்டத்தை இதில் வைத்துப் பார்த்தால் முதல் என்பது தனித்த வீடும் இரவும். கரு என்பது கிரீச்சிடும் கதவு, மெழுகுதிரி, பழைய பொம்மை, அணைந்து எரியும் மின்குமிழ். உரி என்பது அச்சம். காதல் படத்துக்கும், குற்றப் புலனாய்வுக்கும், ஊர்ச் சண்டைப் படத்துக்கும் இப்படியே எழுதிவிடலாம்.

இந்த ஒப்பீட்டை எல்லை மீறி இழுக்கக் கூடாது. திணை கவிதைக்கான ஒழுங்கு, சந்தைக்கானதல்ல. ஆனால் அதில் ஒரு விதி முன்னோட்டம் எடுப்பவருக்கு நேரடியாக உதவுகிறது. ஒரு திணைக்குரிய முதலும் கருவும் இன்னொன்றோடு மயங்கலாம். உரிப்பொருள் அப்படி மயங்குவதில்லை என்றே அந்த விதிக்குப் பெரும்பாலும் பொருள் கொள்கிறார்கள். மருதத்துப் பறவை நெய்தலில் வந்து உட்காரலாம். ஆனால் பாட்டு எந்த மனநிலையைப் பாடுகிறது என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. முன்னோட்டத்துக்கும் இதுவே பொருந்தும். நிலத்தை மாற்று, பொழுதை மாற்று, பொருட்களை மாற்று. பார்ப்பவர் எதை உணரப் போகிறார் என்ற வாக்கை மாற்றாதே. மரபை எதிர்த்து வெற்றிபெற்ற முன்னோட்டங்களை எடுத்துப் பார்த்தால் அவை உடைத்தவை எல்லாம் முதலும் கருவுமாகவே இருக்கின்றன.

ஸ்ரான்லி குப்ரிக்கின் ‘த ஷைனிங்’ (1980) முன்னோட்டம் அதற்கு நல்ல சாட்சி. அதில் வெட்டே இல்லை. ஹோட்டல் நடைபாதையில் ஒரு மின்தூக்கியின் மூடிய கதவுகள். அசையாத கமரா. எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. கதவின் பக்கத்திலிருந்து இரத்தம் பெருக்கெடுத்து நடைபாதையை நிறைத்துக் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. நடிகர் முகம் இல்லை, கதை இல்லை, வசனம் இல்லை. முன்னோட்டத்தின் மரபுகளில் முக்காற்பங்கு அங்கே கைவிடப்பட்டிருக்கிறது. அச்சம் மட்டும் கைவிடப்படவில்லை. ‘ஏலியன்’ (1979) முன்னோட்டத்திலும் ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. அதற்கு முன்பே ஹிட்ச்கொக் ‘சைக்கோ’ (1960) படத்துக்கு ஆறு நிமிடத்துக்கும் மேற்பட்ட முன்னோட்டம் ஒன்று செய்திருந்தார். படத்தின் காட்சிகளுக்குப் பதில், தாமே அந்த வீட்டையும் விடுதியையும் சுற்றிக்காட்டும் வழிகாட்டியாக வந்து, இங்கேதான் நடந்தது, பயங்கரம் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கடைசியில் குளியலறைத் திரை விலகுகிறது, அலறல். முன்னைய ஆறு நிமிடமும் பகிடி போலத் தோன்றியது அந்த ஒரு செக்கனுக்கான ஆயத்தம்.

எதிர்த்திசையில் நடந்த பரிசோதனை இன்னும் பயன் தருவது. 2005 இல் நியூயோர்க்கில் உதவித் தொகுப்பாளராக இருந்த ரொபர்ட் ரையாங், தொகுப்பாளர் சங்கமொன்றின் போட்டிக்காக அதே ‘ஷைனிங்’ படத்தின் காட்சிகளை வெட்டி ஒட்டி, தந்தையைத் தேடும் சிறுவனையும் மகனைக் கண்டடையும் எழுத்தாளரையும் பற்றிய மனம் நெகிழும் குடும்பப் படம் போல ஒரு முன்னோட்டம் செய்தார். பீற்றர் கேப்ரியலின் துள்ளலான பாட்டு ஒன்று, இதமான ஆண்குரல், புன்னகைகள். ஒரு காட்சியும் புதிதாக எடுக்கப்படவில்லை. நிலம் அதே ஹோட்டல், முகங்கள் அதே முகங்கள். முதலும் கருவும் மாறாதிருக்க உரி மட்டும் தலைகீழாகப் புரண்டது. சிரிப்பு வருவது அந்த முரணால்தான். உரியை மாற்றுவது வகைமையை எதிர்ப்பதல்ல, வேறு வகைமைக்குக் குடிபெயர்வது. அந்த மாற்றம் வெட்டின் நீளத்திலும் இசையிலும் நடக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய வேலை இல்லை. வகுப்பறையில் ஒரு பாடவேளைக்கு எதைக் காட்டுவது என்று கேட்டால் இந்த ஒன்றே போதும்.

மாணவர்கள் அதிகம் கைவைப்பது திகில் வகைமையில். காரணம் இரசனை மட்டுமல்ல. லிசா கெர்னன் ஹொலிவூட் முன்னோட்டங்களை ஆராய்ந்து 2004 இல் வெளியிட்ட நூலில், அவை மூன்று விடயங்களைச் சொல்லி அழைக்கின்றன என்கிறார்: இது இன்ன வகைப் படம், இது இன்ன கதை, இதில் இன்ன நட்சத்திரம். மாணவர் படத்தில் நட்சத்திரம் பக்கத்து மேசையில் இருக்கும் வகுப்புத் தோழன். கதையும் பாதிதான் இருக்கிறது. ஆக முழுப் பாரமும் வகைமையின் தோளில் விழுகிறது. திகிலுக்கு முகம் தெரியாத நடிகர் நட்டமல்ல, இலாபம். இருட்டு செலவில்லாதது, குறைந்த வெளிச்சத்தில் தொலைபேசிக் கமரா தரும் புள்ளி படிந்த படமும் அங்கே குறையாகத் தெரியாது. ‘த பிளெயர் விட்ச் புரொஜெக்ட்’ (1999) இந்தக் கணக்கை உலகறியச் செய்தது. அதை இயக்கிய டானியல் மைரிக்கும் எட்வார்டோ சான்செஸும் மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் படத்துறை மாணவர்களாகச் சந்தித்தவர்கள். படத்தின் கதையிலும் காணாமற்போவது மூன்று மாணவப் படப்பிடிப்பாளர்கள்தாம். நடுங்கும் கமராவும் மங்கிய ஒளியும் மாணவர் வேலையின் இயல்பான குறைகள். அவற்றையே சாட்சியத்தின் அடையாளமாக்கிவிட்டார்கள். அதன்பின் அந்தக் குறை ஒரு மரபானது. இன்று நடுங்கும் கமரா வைக்கும் மாணவர் எதையும் எதிர்க்கவில்லை, இருபத்தைந்து வருடப் பழைய வழக்கத்தைப் பின்பற்றுகிறார்.

தமிழ் முன்னோட்டத்தின் மரபு வேறு. கெர்னன் சொன்ன மூன்றில் இங்கே நட்சத்திரமே முன்னுக்கு நிற்கிறது. வகைமை அவர் பின்னால் குடைபிடித்து வரும். 2016 மே 1 ஆம் திகதி வெளியான ‘கபாலி’ டீசர் 67 செக்கன். கதை என்று பார்த்தால் அதில் மிகச் சொற்பம். ஒரு பெயரும் அந்தப் பெயருக்குரியவரின் நடையுமே பொருள். ‘விக்ரம்’ படத்தின் தலைப்பு அறிவிப்பு டீசர் கமல்ஹாசனின் பிறந்தநாளான 2020 நவம்பர் 7 இல் வந்தது. ஒரு வீடு, விருந்துக்கு வாழையிலை விரிப்பது, இருக்கைக்கடியில் மறைத்து வைக்கும் ஆயுதங்கள். அப்போது படப்பிடிப்பு தொடங்கவேயில்லை. அது 2021 ஜூலையில்தான் தொடங்கியது. 2022 இல் வந்த படத்தில் அந்த விருந்தும் இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்த நிறுவனமும் இல்லாத படத்துக்கான முன்னோட்டம்தான் செய்தது என்பது மாணவருக்கு ஆறுதலாக இருக்கும். எதிர்த் திசையில் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) முன்னோட்டம் பல பெயர்பெற்ற நடிகர்களை வைத்துக்கொண்டும் அவர்களைப் பேசவிடவில்லை. காட்டில் அகப்பட்ட ஒருவனைப் பற்றிய கதையை விஜய் சேதுபதியின் குரல் சொல்லிக்கொண்டே போக, தொடர்பற்றவை போன்ற காட்சிகள் அதன் மேல் ஓடுகின்றன. படம் எந்த வகை என்று அதில் கடைசிவரை பிடிபடாது. இவர்கள் எல்லோரும் ஏதோ பொறியில் சிக்கியிருக்கிறார்கள் என்ற உணர்வு மட்டும் முதலிலேயே பிடிபட்டுவிடும்.

தமிழில் மாணவர்கள் வகைமையை அசைத்த பெருங்கதை ‘ஊமை விழிகள்’ (1986). சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்கள் சேர்ந்து உருவாக்கிய அந்தப் படத்தை ஆர். அரவிந்தராஜ் இயக்க, ஆபாவாணன் தயாரித்தார். கலைப்படம் எடுப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள் சினிமாஸ்கோப்பில் ஒரு மர்மப் படத்தோடு வந்தார்கள். மாணவர் என்றால் மரபை உடைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையே அவர்கள் உடைத்தார்கள் என்று சொல்லலாம். வெகுகாலம் கழித்து, கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி குறும்படக்காரர்களைத் திரைத்துறைக்கு அனுப்பியது. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படமாக யூடியூபில் பரவி 2012 இல் முழுநீளப் படமானது. அந்தக் குறும்படமே அதன் படத்துக்கு முன்னோட்டமாக அமைந்தது என்பது தற்செயல். ஆனால் பலருக்கு வழிகாட்டிய தற்செயல்.

இனி இதைக் குச்சவெளியில் வைத்துப் பார்க்கலாம். திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயலும் பற்றைக்காடும். உயர்தர வகுப்பு மாணவர் நால்வர், ஒரு தொலைபேசி, ஒரு தாங்கி, சனி ஞாயிறு இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது தடை சூரியன். காதல் முன்னோட்டம் என்றால் கடலில் சூரியன் மறைய, அதன் முன்னே இரண்டு நிழலுருவங்கள் நடக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். இது கிழக்குக் கரை. இங்கே சூரியன் கடலில் மறைவதில்லை, கடலிலிருந்து எழும்புகிறது. மாலையில் அது தரைப்பக்கப் பனைகளுக்குப் பின்னால் போய்விடும். நெய்தலுக்குரிய பொழுதாகிய எற்பாட்டைச் சூரியன் சாயும் நேரம் என்று பெரும்பாலோர் கொண்டாலும், அதை விடியல் என்று கொண்டவர்களும் உண்டு; அந்த வாதத்தில் இந்தக் கரை எந்தக் கட்சி என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாணவர்கள் விடியற்காலை ஐந்தரைக்கே கரையில் நிற்க வேண்டும். விடியலைப் படம்பிடித்துவிட்டு அதை அந்தி என்று காட்டுவோரும் உளர். ஆனால் பின்னணியில் வள்ளங்கள் கரைக்குத் திரும்பி, பெண்களும் வியாபாரிகளும் மீனுக்குக் காத்து நிற்பது தெரியும். கரையோரத்துப் பார்வையாளர் அதை ஒரு செக்கனில் கண்டுபிடித்துவிடுவார். விடியலை விடியலாகவே வைத்தால், பிரிவின் பொழுது ஊரெல்லாம் வேலைக்கு எழும்பும் பொழுதாகிறது; இரண்டு பேர் மட்டும் பேச்சற்று நிற்க அவர்களைச் சுற்றி மீன் ஏலம் போகிறது. நெய்தலின் உரி இரங்கல். அது இந்த வெளிச்சத்தில் இன்னும் கூர்மையாக விழும்.

அடுத்தது காற்று. கச்சான் வீசும் மாதங்களில் கரையில் பதிவாகும் வசனம் காதில் விழாது. தொலைபேசியின் ஒலிவாங்கியில் கேட்பது காற்று அறையும் சத்தம் மட்டுமே. ஒலிவாங்கிக்குப் பஞ்சு கட்டலாம், வாழைத் தோட்டத்துக்குள் போய்ப் பேசலாம். பெரும்பாலோர் செய்வது, பேச்சை விட்டுவிட்டுக் கறுப்புத் திரையில் எழுத்துப் போடுவது. மாணவர் முன்னோட்டங்களில் எழுத்து அட்டைகளும் பின்னணிக் குரலும் இவ்வளவு மலிந்திருப்பதை மரபுக்குக் கீழ்ப்படிதல் என்று மதிப்பீட்டில் எழுதுகிறார்கள். உண்மை பல வேளைகளில் காற்றுத்தான். இதை ஒளிக்கத் தேவையில்லை. ஹொலிவூட்டின் மரபுகள் பலவும் இப்படி ஏதோ ஓர் இல்லாமையிலிருந்து பிறந்தவையே.

திகிலுக்கு வந்தால் விடயம் இன்னும் சுவையானது. இரவைக் கைவிட்டு நண்பகலில் திகில் முன்னோட்டம் எடுத்தால், இங்கிலாந்துப் பரீட்சகர் அதை மரபு எதிர்ப்பு என்று புள்ளி போடுவார். தமிழ்க் கிராமத்தில் வளர்ந்தவருக்கு அது எதிர்ப்பே அல்ல. உச்சி உருமத்தில் தனியே போகாதே, புளியமரத்தடியில் நிற்காதே என்று கேட்டுத்தானே வளர்ந்திருக்கிறார். சுடுமணலில் ஆள் நடமாட்டமற்ற ஒரு மணிப்பொழுது. மரத்தின் நிழல் அடிமரத்தோடு ஒடுங்கிய வேளை. தூரத்தில் வெப்பத்தில் நெளியும் ஓர் உருவம், அது நெருங்குகிறதா விலகுகிறதா என்று தெரியவில்லை. வெளிச்சம் எல்லாவற்றையும் காட்டுகிறது, ஒளிய இடமில்லை. ஒரு மரபை மீறுவது என்று வெளியார் கருதுவது இன்னொரு, இதைவிடப் பழைய மரபைக் கைக்கொள்வதாக இருக்கலாம். எனவே எதிர்த்தாயா பின்பற்றினாயா என்ற கேள்விக்கு முன், எவருடைய மரபை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பாழடைந்த வீடு என்ற கருப்பொருளில் இன்னும் கவனம் தேவை. கூரையற்ற சுவர், கதவில்லாத நிலை, உள்ளே முளைத்த மரம். எந்த நாட்டுத் திகில் முன்னோட்டத்திலும் இது பேய் வீடு. திருகோணமலை மாவட்டத்தின் வடகரையில் இப்படியொரு வீட்டைக் காட்டினால் பார்வையாளரின் மனம் பேயிடம் போகாது. யாருடைய வளவு, எந்த வருடம் விட்டுப் போனார்கள், திரும்பி வந்தார்களா என்று கேட்கும். போரில் இடம்பெயர்ந்தவர்களின் வீடு அது. கமரா அதன் மேல் எவ்வளவு கிரீச்சொலியை ஏற்றினாலும் உரி அச்சமாக இராது, இரங்கலாகிவிடும். கடலும் அப்படியே: நீர் உள்வாங்கிப் போகும் ஒரு ஷொட், 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட கரையில் எந்த வகைமைக்கும் உரிய கருப்பொருளாக இருக்க முடியாது. சில பொருட்கள் தமக்குரிய உணர்வோடேயே வருகின்றன. அவற்றை வேறு வகைமைக்குக் கடன் கொடுக்க இயலாது. ஆற்றலுள்ள மாணவர் இதைத் தடையாகக் கொள்ளாமல் திருப்பிப் பயன்படுத்துவார்: திகில் முன்னோட்டம் போலவே தொடங்கி, ஒரு சிறுமி இருட்டறைக்குள் மெல்ல நடந்து, சுவரில் எதையோ கண்டு நிற்க, அது ஒரு பிள்ளையின் உயரத்தை வருடம் வருடமாகக் குறித்த பென்சில் கோடுகள் என்று தெரியும் இடத்தில் இசை நின்றுவிடும். அச்சம் என்று நினைத்தது அச்சமல்ல என்று முன்னோட்டத்துக்குள்ளேயே ஒப்புக்கொள்வதால் அது ஏமாற்று ஆகாது.

தொகுப்பின் தாளத்துக்கும் ஊரில் மாதிரி உண்டு. பெரும்பாலான முன்னோட்டங்கள் நீண்ட ஷொட்டுகளோடு அமைதியாகத் தொடங்கி, நடுவில் ஒரு குழப்பத்தை நுழைத்து, கடைசி இருபது செக்கனில் வெட்டுகளை நெருக்கி, ஒரு கண மௌனத்தின்பின் தலைப்பைப் போடுகின்றன. கரைவலை இழுப்பதும் அப்படியே. இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். தொடக்கத்தில் கடலில் ஒன்றும் தெரியாது, இழுப்பு மெதுவானது. அம்பாப் பாட்டில் ஒருவர் எடுக்க மற்றவர் பொருத்துவர். மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று அண்டும், பாட்டின் தாளம் இறுகும், கூச்சல் ஏறும். மடி மணலில் ஏறியதும் எல்லோரும் ஒரு கணம் பேச்சற்று உள்ளே பார்ப்பார்கள். இப்போது பல இடங்களில் கயிற்றை உழவியந்திரம் இழுக்கிறது, அம்பாவைப் பதிவில்தான் கேட்க முடிகிறது. ஆயினும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், எல்லார் முன்னோட்டத்திலும் ஒலிக்கும் அதே முரசொலிக்குப் பதில் இந்த இழுப்பின் தாளத்தை வைத்து வெட்டினால் முன்னோட்டத்தின் வடிவம் ஒரு மயிரிழையும் மாறாது. ஓசை மட்டும் அந்த ஊருக்குச் சொந்தமாகிவிடும்.

முன்னோட்டம் தரும் வாக்கை மீறுவது பற்றி நீதிமன்றங்களும் பேசியிருக்கின்றன. ‘டிரைவ்’ (2011) முன்னோட்டம் காரோட்டப் பந்தயப் படம் போல ஆசைகாட்டியது, படம் அப்படியில்லை என்று அமெரிக்காவில் ஒரு பார்வையாளர் வழக்குப் போட்டார். ‘யெஸ்டர்டே’ (2019) முன்னோட்டத்தில் வந்த நடிகை படத்தில் இல்லை என்று இருவர் தொடுத்த வழக்கில், முன்னோட்டம் வணிகப் பேச்சு என்பதால் அது விளம்பரச் சட்டத்துக்கு உட்படக்கூடும் என்று 2022 இல் நீதிபதி கூறினார். வழக்கு பின்னர் தள்ளுபடியானது. இந்தியாவில் ‘ஃபேன்’ (2016) படத்தின் முன்னோட்டத்தில் காட்டிய பாட்டு படத்தில் இல்லாதது பற்றிய வழக்கில், முன்னோட்டம் ஒப்பந்தமோ வாக்குறுதியோ ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரி. இரசிகனின் கணக்கு வேறு. இம்மூன்றிலும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. பாட்டும் நடிகையும் கரு. ‘டிரைவ்’ வழக்கில் மட்டுமே முறைப்பாடு உரியைப் பற்றியது. முன்னோட்டம் எடுக்கும் மாணவர் அஞ்ச வேண்டியது உரியைப் பற்றிய அந்த ஏமாற்றத்துக்குத்தான்.

மதிப்பிடுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முன்னோட்டத்தை ஒருமுறை ஒலியில்லாமலும், ஒருமுறை திரையை மூடி ஒலியை மட்டும் விட்டும், பாடத்தோடு தொடர்பற்ற ஒருவருக்குப் போட வேண்டும். இரண்டு தடவையும் அவர் ஒரே உணர்வைச் சொன்னால் மரபு அச்சாகப் பின்பற்றப்பட்டிருக்கிறது. படம் ஒன்றும் ஒலி இன்னொன்றும் சொல்லி, இரண்டையும் சேர்த்துப் போட்டபோது மூன்றாவதாக ஒரு தெளிவான உணர்வு வந்தால் அங்கே எதிர்ப்பு வேலைசெய்கிறது. சேர்த்துப் போட்டும் குழப்பமே மிஞ்சினால் திரும்பவும் தொகுப்பு மேசைக்குப் போக வேண்டும். மதிப்பீட்டுக் கட்டுரையும் அப்போது சாமான் பட்டியலாக இராது.

எஞ்சியிருப்பது கடைசி அட்டை. வணிக முன்னோட்டம் திகதியோடு முடியும், அல்லது விரைவில் என்று முடியும். இல்லாத படத்துக்கு என்ன போடுவது? அநேகர் பழக்கத்தில் விரைவில் என்றே போட்டுவிடுகிறார்கள். அதுவும் எப்போதும் பொய்யாகிவிடுவதில்லை. 2007 இல் ‘கிரைண்ட்ஹவுஸ்’ படத்தையொட்டி நடந்த போலி முன்னோட்டப் போட்டிக்குக் கனடாவின் ஹலிபாக்ஸ் நகரிலிருந்து ஜேசன் ஐசனர் சொற்பச் செலவில் எடுத்து அனுப்பிய ‘ஹோபோ வித் எ ஷொட்கன்’ பரிசு பெற்றது. அப்படி ஒரு படம் அப்போது கிடையாது. நான்கு வருடம் கழித்து, 2011 இல், அதே பெயரில் முழுநீளப் படம் திரைக்கு வந்தது.